மைக்கில் இரண்டு தட்டு

வங்காளத்தில் பெஹாலாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு மலர் கொண்டுவருகின்றன. அதில் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதற்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். துறைமுகத்திலும் வங்கியிலும் முப்பது, முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு வந்த மாமாக்கள் எழுதுவது வழக்கம். இந்த முறை என்னைக் கேட்டார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக ஒன்பது வருடம் இருந்தேன். கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய் வந்து கண் பரிசோதனையில் தவறினேன். வண்டி விடும் வேலைக்கு இனித் தகுதியில்லை, மேசை வேலை தருகிறோம் என்றார்கள். நான் விலகிக்கொண்டேன். ஓய்வு பெற்றவர்கள் பட்டியலில் என்னைச் சேர்ப்பது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, எங்கள் குடும்பங்களில் இரண்டு பெண்கள் இதே வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறார்கள். "அக்கா, அங்க உக்காந்து உண்மையில என்னதான் செய்வீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டாவது, எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த தேபாஷிஷ் போன மாதம் ஒரு புகைப்படம் அனுப்பினான். சாம்பல் நிற மைக், வளையும் கழுத்து, அதில் கயிற்றால் கட்டிய ஒரு அட்டை. அறிவிப்புகள் எல்லாம் இப்போது வேறு எங்கிருந்தோ கணினி வழியாக வருகின்றனவாம். "கழிவுக்குப் போகிறது தீதி, ஞாபகத்துக்கு வேண்டுமா?" என்று எழுதியிருந்தான்; தீதி என்றால் வங்காளத்தில் அக்கா. இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படித்தது மின்னணுப் பொறியியல். தேர்வு எழுதினேன், பயிற்சிப் பள்ளியில் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன், மூன்று நிலையங்களில் பிறர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் பயிற்சி. எதையும் எண் போட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். அந்தப் பழக்கத்தால் வேலை சுலபமாக இருந்தது.

நிலையத்தின் பெயர் வேண்டாம். சியால்தாவிலிருந்து தெற்கே போகும் பாதையில் ஒன்று என்றால் போதும். ஒன்றாம் பிளாட்பாரம் ஒரு பக்கம், எதிரே இரண்டாவது. இடையில் இரண்டு தண்டவாளம். நடைமேம்பாலம் ஒரு கோடியில் இருக்கிறது, படிகள் செங்குத்து. விடியும் முன்பே தெற்கிலிருந்து காய்கறிக் கூடைகளும், ஈரத்துணியில் கட்டிய பால்திரட்டும், சாமந்தி மாலைகளும் வந்து இறங்கும். நகரத்தை நோக்கி வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள். கரியாஹாட்டிலும் அதைச் சுற்றியும் மாடிக் குடியிருப்புகளில் பாத்திரம் கழுவி, சமைத்து, மதியம் திரும்பி வருகிறவர்கள். அந்த ஊரில் யாரும் தெருப் பெயரைச் சொல்லி வழி சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து எத்தனையாவது கடை என்றுதான் சொல்வார்கள். பெண் பார்ப்பது டீக்கடை பெஞ்சில் நடக்கும். போனுக்குச் சார்ஜ் போடுவது டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்து பிளக்கில். வண்டி அரை மணி தாமதமானால் அதே ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்வார்கள், வண்டி வந்ததும் எழுந்து துணியைத் தட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள்.

நிலையத் தலைவர் பிஸ்வாஸ் சார். ஓய்வுக்குச் சில வருடங்கள் இருந்தன. வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துடன் ஒப்பிட்டு, பேனலின் ஓரத்தில் நமக்குத் தெரியும்படி வைப்பார். பேனல் என்பது தண்டவாளங்களையும் சிக்னல்களையும் விளக்குகளால் காட்டும் மேசை. எந்த வண்டி எந்தப் பாதையில் என்பதை அங்கே பட்டன் அழுத்தித் தீர்மானிப்போம். பிஸ்வாஸ் சார் யாரையும் திட்டியதில்லை. "வரிசை என்ன, மா?" என்று மட்டும் கேட்பார். செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பிஸ்கட் டப்பாவை நம் பக்கம் நகர்த்துவார். தவறினால் டப்பா அங்கேயே இருக்கும். பால் சேர்க்காத டீயைக் கண்ணாடி டம்ளரில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வெளியே கேட்கும் சத்தத்தைக் கவனிப்பார். "மூணாவது கடைக்காரன் இன்னைக்கு வரல" என்பார். போய்ப் பார்த்தால் வந்திருக்க மாட்டான்.

வழக்கமான அறிவிப்புகளுக்குப் பதிவு செய்த குரல் இருந்தது. பட்டனைத் தட்டினால் ஒரு பெண் மூன்று மொழியில் சொல்லுவாள். பதிவில் இல்லாதது ஏதாவது நடந்தால்தான் மைக்கை எடுப்போம். எங்கள் நிலையத்தில் பதிவில் இல்லாதது என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒன்றாம் பிளாட்பாரத்துக்கு வர வேண்டிய வண்டி இரண்டாவதற்கு மாறுவது.

அந்த மைக்கில் எங்கோ ஒயர் தளர்ந்திருந்தது. ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. புகார் எழுதினேன். வந்து பற்றவைத்தார்கள். மறுபடி தளர்ந்தது. அதனால் பேசும் முன் விரலால் இரண்டு முறை தட்டுவேன். ஜன்னல் வழியாகக் கம்பத்து ஒலிபெருக்கியில் டொக் டொக் என்று கேட்டால் பேசுவேன், கேட்காவிட்டால் ஒயரை அசைப்பேன்.

ஜன்னலுக்குக் கீழே குடிநீர்க் குழாய். காலை ஆறு பத்து மணி லோக்கல் வண்டிக்குப் போகும் பெண்கள் அங்கே பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்கள். அவர்களில், எல்லோருக்கும் சித்தி முறையான மாலதி மாஷி தினமும் என்னைச் சீண்டாமல் போக மாட்டாள். ஐம்பது வயது இருக்கும். மூன்று வீட்டு வேலை. முதல் வீட்டுக்காரர்கள் இருவரும் அலுவலகம் போகிறவர்கள், ஆறு பத்தை விட்டால் கதவு பூட்டியிருக்கும். பேசியதெல்லாம் வங்காளத்தில்தான். எனக்கு நினைவுக்கு வருவது என்னவோ தமிழில்.

"தீதிமணி, நீ மைக்குல பேசுற வங்காளம் ரேஷன் கார்டைப் படிக்கிற மாதிரி இருக்கு."

"தப்பா இருக்கா மாஷி?"

"ஒரு தப்பும் இல்ல. அதான் சிக்கலே. தப்பில்லாம எந்த வங்காளி பேசுறா? மெட்ராஸ்காரி வந்து நமக்குப் பாடம் எடுக்கிறா."

பின்னால் நின்றவள் சொன்னாள்: "இவ மூணு பாஷையில சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி பாலிகஞ்ச் போய்ச் சேர்ந்துரும்."

"நமக்கு எதுக்குப் பேச்சு?" என்றாள் மாலதி மாஷி. "அந்த டொக் டொக் போதும். மிச்சத்தை ஆபீஸ் பாபுக்கள் கேட்டுக்கட்டும்."

நானும் சிரித்தேன். அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்பதை அடுத்த சில நாட்களில் கவனித்தேன். நான் தட்டியதும், ஒரு வார்த்தை பேசும் முன்பே, ஒன்றாம் பிளாட்பாரத்தில் பெண்கள் பையைத் தூக்கித் தோளில் மாட்டுவார்கள். "பயணிகள் தயவுசெய்து கவனிக்கவும்" என்று நான் தொடங்கும்போது பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கியிருப்பார்கள். "இரண்டாவது பிளாட்பாரம்" என்று சொல்லும்போது எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருப்பார்கள். தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது என்று பலகை இருந்தது. நானும் அதை மைக்கில் சொன்னதுண்டு. தலையில் கூடையோடு மேம்பாலம் ஏறி இறங்கினால் வண்டி போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். "தட்டுவதால் பயன்: கூட்டம் முன்கூட்டியே நகர்கிறது, ஏறுவதில் நெரிசல் குறைவு."

பிஸ்வாஸ் சாருக்கும் இது தெரியும். ஒருநாள் கண்ணை மூடியபடியே சொன்னார்: "நீ பேசுறதுக்கு முன்னாடியே உன்னைக் கேட்டுடுறாங்களே, மா." பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிஸ்கட் டப்பா அன்று நகர்ந்ததா என்று நினைவில்லை.

அது குளிர்காலம். முதல் வண்டியிலிருந்தே பனிமூட்டம். பேனல் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டாம் பிளாட்பாரம் தெரியவில்லை. ஆறு பத்து இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். ஒன்றாம் பிளாட்பாரத்தில் இரண்டு வண்டிக் கூட்டம் நின்றது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது: நிற்காமல் போகும் வண்டி ஒன்றை முன்னால் அனுப்புகிறோம், ஒன்றாம் பாதை வழியாக விடு, அதன் பின்னால் அதே பாதையில் ஆறு பத்து வரும். இங்கே ஜனங்கள் அப்படிப்பட்ட வண்டியை கேலப்பிங் என்பார்கள், குதிரை ஓட்டம்போல் நிலையங்களைத் தாண்டிப் போவதால்.

நான் செய்தது இந்த வரிசையில். உத்தரவை நேரத்துடன் எழுதினேன். ஒன்றாம் பாதைக்கு வழி அமைத்தேன். சிக்னல் பச்சை ஆனதைப் பேனலில் பார்த்தேன். அந்த நேரத்தில் நிற்காத வண்டி எதுவும் அட்டவணையில் இல்லாததால் பதிவுக் குரலில் அதற்கு வாக்கியம் இல்லை. மைக்கை எடுத்தேன். இரண்டு முறை தட்டினேன். ஒலிபெருக்கியில் கேட்டது. பேசினேன்.

முதலில் வங்காளத்தில், விதிப்படியான தொடக்கம்: பயணிகள் தயவுசெய்து கவனிக்கவும். பிறகு, ஒன்றாம் பிளாட்பாரம் வழியாக நிற்காத வண்டி ஒன்று வருகிறது. பிறகு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும். இந்த மூன்றாவது வாக்கியம் முடியும் முன் வண்டியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. பிறகு பிரேக். பிறகு பெண்களின் கூச்சல்.

பேனலில் இருப்பவர் பேனலை விட்டு எழக்கூடாது. சிக்னல்களைச் சிவப்பாக்கினேன். கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். ரயில்வே போலீசுக்குச் சொன்னேன். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். எழுதினேன். பாதை மாற்றும் வேலைக்கு என்னோடு இருந்த பாயிண்ட்ஸ்மேன் வெளியே போய்த் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாலதி மாஷி, தீதி" என்றார். "ஆம்புலன்ஸ் அவசரமில்ல."

அடுத்த பணியாளர் வந்து பொறுப்பேற்கும்வரை அதே நாற்காலியில் இருந்தேன். ஆறு பத்து வந்தது. சொல்லப்பட்ட வழியில் விட்டேன்.

பின்னால் தெரிந்துகொண்டது இவ்வளவு. நான்கு பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். மூன்று பேரைக் கூட்டம் இழுத்து மேலே ஏற்றிவிட்டது. மாலதி மாஷி எல்லோருக்கும் முன்னால் இறங்கியவள். வண்டியின் ஓட்டுநர் தன் வாக்குமூலத்தில், அந்தப் பெண் வண்டியின் பக்கம் திரும்பவே இல்லை, ஹாரன் அடித்தும் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள் என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. அவள் இரண்டாம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வண்டி அங்கேதான் வருகிறது என்று நான் விரலால் சொல்லியிருந்தேன். ஹாரனும் அந்த வண்டியுடையது என்றே நினைத்திருப்பாள்.

அன்றே வாக்குமூலம் எழுதினேன். எண் போட்டு, பதினோரு வரி. பிஸ்வாஸ் சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். ஆறாவது வரியில் நின்றார்.

"இது எதுக்கு, மா? இரண்டு முறை தட்டினேன்னு?"

"தட்டினேன், சார்."

"மைக்கைச் சோதிச்சுப் பார்க்கிறது தப்பா?"

"இல்ல."

"அறிவிப்பு செஞ்சியா?"

"செஞ்சேன். அதுக்கு முன்னாடியே அவங்க…"

"சரியான பிளாட்பாரம் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்போ இதுக்கு எந்த ரெஜிஸ்டர்ல கட்டம் இருக்கு, காட்டு." காகிதத்தை என் முன்னால் வைத்தார். "கட்டம் இல்லாத ஒண்ணை நீயா எழுதினா, விசாரிக்கிறவன் மத்த பத்தையும் விட்டுட்டு அதைத்தான் பிடிப்பான். உனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு. பொய் எழுதச் சொல்லல மா. கேட்காததைச் சொல்லாதேன்னு சொல்றேன்."

டம்ளரை எடுத்தார், டீ ரெஜிஸ்டரின் ஓரத்தில் சிந்தியது. தன் கைக்குட்டையால் ஒற்றினார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தார், காப்பாற்றியும் விட்டார். புதுக் காகிதம் எடுத்துப் பத்து வரி எழுதினேன். தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். அவர் என் கையைப் பிடித்து எழுதவில்லை. எழுதியது நான்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் மதியம்வரை எழவில்லை. அம்மா திருநெல்வேலிப் பேச்சை இந்த ஊரில் நாற்பது வருடமாக மாற்றிக்கொள்ளாதவள். தட்டோடு வந்து நின்றாள். "ஏட்டி, நீயா புடிச்சுத் தள்ளுன? பெறவு என்ன? எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிடு." அவளுக்கும் ஆறாவது வரி தெரியாது.

விசாரணையில் என்மேல் குறை எதுவும் இல்லை. விதிமீறித் தண்டவாளத்தில் இறங்கியதால் நேர்ந்த மரணம் என்று எங்கள் காகிதம் முடிந்தது. ரயில்வே போலீசின் காகிதம் வேறுவிதமாகப் போனது. அவள் வண்டி வரவேண்டியது ஒன்றாம் பிளாட்பாரம். அவள் நின்றதும் அங்கே. இறங்க வேண்டிய காரணமே இல்லை. ஓட்டுநரோ, அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறார். வீட்டில் அன்று காலை சண்டை நடந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். தற்கொலையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கூட இறங்கிய மூன்று பெண்களும், இறங்கியதாக ஒப்புக்கொண்டால் வழக்கு வரும் என்று பயந்து, பனியில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூவரும் அதன்பின் வேறு வண்டிக்கு மாறிக்கொண்டார்கள்.

பத்தாவது நாள் அவள் மகள் ஜும்பா ஜன்னலுக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல் நின்றாள், பாட்டில் நிறைந்து வழிந்தது.

"தீதி, நீங்கதானே அன்னைக்கு டியூட்டியில இருந்தது?"

"ஆமாம்."

"அம்மா சரியான பிளாட்பாரத்துலதான் நின்னா. வண்டியும் அங்கதான் வந்தது. எதுக்கு இறங்கினா?"

"தண்டவாளத்தைக் கடக்கக் கூடாதுன்னு நாங்க…"

"அது தெரியும். எதுக்குக் கடந்தா? இந்தப் பக்கம் வர்ற வண்டிக்கு அந்தப் பக்கம் எதுக்குப் போனா?"

அவள் குழாயை மூடினாள்.

"நான் புருஷன் வீட்டை விட்டு வந்துட்டேன். திரும்பிப் போன்னு அம்மா சொன்னா. அன்னைக்குக் காலையில, அவ செருப்புப் போட்டுக்கிட்டு இருக்கும்போது, நீ செத்தாலும் நான் அங்க போகமாட்டேன்னு சொன்னேன். ஒண்ணும் பதில் சொல்லாமப் போனா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதனாலதான்னு மாமா சொல்றாரு. தெருவுல எல்லாரும் சொல்றாங்க. நீங்க பார்த்தீங்களா? எதனாலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

ஒன்பது வருடத்தில் நான் தவறான வழி அமைத்ததில்லை, தவறான நேரம் எழுதியதில்லை. தவறாகச் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான்.

அதன்பின் தட்டுவதை நிறுத்தினேன். ஒயர் தளர்ந்திருந்தால் என் வாக்கியத்தில் பாதி விழுங்கப்படும். அதைப் பற்றியும் புகார் வந்தது. "என்ன தீதி, இப்பல்லாம் டொக் டொக் இல்ல? வண்டி போயிடுது" என்று குழாயடியில் கேட்டார்கள். ஜும்பா தாயின் மூன்று வீடுகளையும் தானே எடுத்துக்கொண்டு அதே ஆறு பத்தில் போகத் தொடங்கியிருந்தாள். வாரத்தில் இரண்டு நாளாவது என் ஜன்னலைக் கடப்பாள். மறுபடி எதுவும் கேட்கவில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று எத்தனையோ காலைகளில் நினைத்தேன். நோட்டில் எழுதியும் வைத்தேன். "ஜும்பா" என்று ஒரு வரி, அடுத்த நாளும் அதே வரி. பிஸ்வாஸ் சார் ஓய்வு பெற்றுப் போனார். ஒன்றேகால் வருடம் இப்படியே போனது. பிறகு சிக்னல் விளக்குகள் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன.

கடைசி நாளன்று முறைப்படி பொறுப்பை ஒப்படைத்தேன். சாவிகள், ரெஜிஸ்டர்கள், முத்திரைகள். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் காலை பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒன்றாம் பிளாட்பாரத்தில் போய் ஜும்பாவைத் தேடினேன். டீக்கடைப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். மைக்கில் தட்டும் வழக்கம், அவள் அம்மா அதை வைத்துச் செய்த கேலி, அன்று நான் தட்டியது, அவள் எதற்காக எதிர்ப்பக்கம் பார்த்தாள் என்பது, நான் நீக்கிய வரி, ஜன்னலில் சொன்ன பொய். வரிசை மாறாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ அவ வேலைக்குத்தான் போய்க்கிட்டு இருந்தாளா?"

"ஆமாம். வண்டியைப் பிடிக்கத்தான் இறங்கினா. அவசரத்துல, எல்லாருக்கும் முன்னாடி."

"எப்பவும் அப்படித்தான்." தன் செருப்பைப் பார்த்தாள். "ஒண்ணேகால் வருஷம், தீதி. நான் அந்த வீட்டுலேயே படுத்து எந்திரிச்சேன். மாமா சாப்பிட உக்காரும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லுவாரு, அம்மாவை வாயால கொன்னவள்னு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள். "வங்காளத்துல. மாமா படிப்பாரு."

நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துப் பதினோரு வரியையும் எழுதினேன். ஆறாவது வரி ஆறாவது இடத்தில். கீழே பெயர், பதவி, கையெழுத்து. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். விரலை வைத்துக் கடைசிவரை படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"சீல்?"

"இல்ல ஜும்பா. நான் இப்போ வேலையில இல்ல. நேத்தோட முடிஞ்சுது."

"சீல் இல்லாம அவரு நம்பமாட்டாரு. நான் உங்களுக்குக் காசு குடுத்து எழுதி வாங்கினேன்னு சொல்லுவாரு." தாளை நான்காக மடித்தாள். "நேத்து சொல்லியிருந்தா சீல் இருந்திருக்கும், இல்லையா தீதி?"

"இருந்திருக்கும்."

ஆறு பத்து வந்தது. ஏறிக்கொண்டாள்.

அதே பதினோரு வரியை மறுபடி எழுதி, என் பழைய வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ளும்படி மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். போலீசுக்கும் ஒரு பிரதி. போலீசிடமிருந்து எதுவும் வரவில்லை. அலுவலகத்திலிருந்து, விசாரணை முடிந்த விஷயம், மீண்டும் திறப்பதற்கில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் முத்திரை இல்லை, கையெழுத்து மட்டும்தான். ஆனால் அதற்கு முன்பே தபால் ஒப்புகை அட்டை வந்திருந்தது. என் பெயரும், "வாக்குமூலத் திருத்தம் தொடர்பாக" என்று நான் ஓரத்தில் எழுதியதும், அதன்மேல் அலுவலகத்தின் வட்ட முத்திரையும்.

அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலை நிலையத்துக்குப் போனேன். ஜும்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கடிதம் வந்து சேர்ந்துச்சுங்கிறதுக்கு மட்டும்தான் சீல்" என்றேன். "நான் எழுதினதை அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல."

"சீல்தானே" என்றாள்.

பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். அதில் ஆதார் அட்டை, சீசன் டிக்கெட், மடிப்பில் நைந்துபோன என் இரண்டு தாள். அட்டையை அவற்றின் மேல் வைத்து உறையை மூடினாள்.

அப்போது ஒலிபெருக்கியில் தேபாஷிஷின் குரல். ஆறு பத்து இரண்டாம் பிளாட்பாரத்துக்கு வருகிறது. முதல் வாக்கியத்திலேயே பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கினார்கள். ஜும்பா அசையவில்லை. வங்காளம் முடிந்தது. இந்தி முடிந்தது. தனக்குத் தெரியாத ஆங்கிலமும் முடியும்வரை நின்று கேட்டாள். பிறகு, "வரேன் தீதி" என்று சொல்லிவிட்டு மேம்பாலத்தை நோக்கி நடந்தாள்.

அவள் படியின் உச்சியில் இருக்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. மேலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தாள். முதல் வீட்டுக் கதவு அன்று பூட்டியிருக்கும்.